ஒட்டுப் போட்ட போர்வை

தம்பி அமெரிக்காவிலிருந்து பேசினால் முதலில் "வெயில் எப்பிடி இருக்குது?" என்றுதான் கேட்பான். அன்றைக்கு அதைக் கேட்கவில்லை. எடுத்த எடுப்பில், "அக்கா, நீ இங்க வரணும்" என்றான்.

அவன் மனைவிக்கு டிசம்பரில் பிரசவம். அவளுடைய அம்மா வரமாட்டார். எங்கள் அம்மா இறந்து பல வருடங்கள் ஆகின்றன. மிச்சம் இருந்தது நான்தான். கல்யாணம் ஆகாதவள், அரசுப் பள்ளியில் தையல் ஆசிரியை. "லீவு கெடைக்குமா?" என்றுகூட அவன் கேட்கவில்லை. "லீவு போட்டுடு" என்றான். கல்யாணம் ஆகாத பெண்ணின் நாட்கள் எல்லாம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று சும்மா கிடப்பவை என்பது எங்கள் ஊரின் எண்ணம். கடல் தாண்டிப் போனாலும் என் தம்பி எங்கள் ஊர்க்காரன்தான்.

அவன் மனைவி பெரிய காஞ்சிபுரத்துப் பெண். வீட்டில் தறி, கடைத்தெருவில் பட்டுக் கடை, கோயில் உற்சவத்தில் மாலை மரியாதை என்று வாழ்கிற குடும்பம். நாங்கள் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். எங்கள் அப்பா வாலாஜாபாத் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நின்றவர். பிறகு அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். தம்பியும் அவளும் ஏனாத்தூர் கல்லூரியில் ஒன்றாகப் படித்தார்கள். அங்கே இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு. ஊருக்குள் பஸ் நுழைந்ததும் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் போல் இறங்குவார்கள். வேலை கிடைத்ததும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு விமானம் ஏறிவிட்டார்கள்.

அவளுடைய அப்பா அதற்குப் பிறகு யார் கேட்டாலும், "எனக்கு ஒரே பையன்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா வேறு மாதிரி. "பொண்ணு கம்பெனி வேலையா வெளிநாட்டுல இருக்குது" என்று தெருவில் சொல்லி வைத்திருந்தார். அதில் பொய் எதுவும் இல்லை. மாப்பிள்ளையை மட்டும் கழித்துவிட்ட உண்மை அது.

நான் கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒரு போன் வந்தது.

"நான் அவளோட அம்மா பேசறேன்."

"சொல்லுங்கம்மா. வீட்டுக்கு வாங்களேன்."

"அய்யய்யோ, அதெல்லாம் வேணாம். பஸ் ஸ்டாண்டுக்கு வந்துக்கினு இருக்கேன். நீ அங்க வந்துடு."

நாற்பதை நெருங்கும் ஆசிரியையை, முதல் முறையாகப் பேசுகிறவர், 'வந்துடு' என்றார். நான் போனேன். பழக் கடை ஓரமாக நின்றிருந்தார். முக்காடு மாதிரி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டிருந்தார். அந்தக் கோலத்தில் அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். கையில் ஒரு துணிப்பை. நான் கையை நீட்டினேன். அவர் பையை என் கையில் கொடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த சிமெண்ட் பெஞ்சில் வைத்தார். வைத்துவிட்டு ஓர் அடி நகர்ந்து நின்றார். நான் எடுத்துக்கொண்டேன்.

"என்னோட முகூர்த்தப் புடவை. கொழந்தைக்கு இதுலதான் தூளி கட்டணும். எங்க வீட்டுல அப்பிடித்தான்."

"நீங்களே வந்து கட்டலாமேம்மா?"

"அது எப்பிடி? அவரு இருக்காரே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கண்ட துணியோட சேத்து வெச்சிடாதம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து அந்தப் பையைப் பெட்டியில் என் உள்பாவாடைகளுக்கு நடுவே வைத்தேன். வேறு இடமும் இல்லை. இருந்தாலும் அங்கேதான் வைத்திருப்பேன்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். சின்ன வயதில் எங்கள் தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் குடில் கட்டும்போது கூரையில் பஞ்சு ஒட்டுவது என் வேலை. பஞ்சுதான் பனி. வேர்த்து ஒழுகிக்கொண்டே கோந்து தடவிப் பனி ஒட்டுவோம். அதனால் நிஜப் பனியைப் பார்க்கப்போகிறேன் என்று பள்ளியில் எல்லோரும் என்னை வாழ்த்தி அனுப்பினார்கள். பார்த்தேன். பஞ்சு எவ்வளவோ மேல். பஞ்சு செருப்புக்குள் போய்க் காலை மரத்துப்போக வைப்பதில்லை. பெய்த அன்றைக்கு ஒரு மணி நேரம் அழகாக இருக்கும் அந்தப் பனி, மறுநாள் சாலையோரத்தில் மாவு மில் கழிவு மாதிரி சாம்பல் நிறத்தில் குவிந்து கிடந்தது. அதை வாரித் தள்ள ஒரு மண்வெட்டி, கரைக்க உப்பு, உப்பு பட்டால் கெட்டுப்போகாத பூட்ஸ். என் தம்பி தினமும் காலையில் மூச்சு வாங்க வாரித் தள்ளிவிட்டு, "பாத்தியாக்கா, எவ்ளோ அழகு!" என்று போட்டோ எடுப்பான். அப்பா மூட்டை தூக்கியபோது யாரும் போட்டோ எடுக்கவில்லை.

அந்த வீட்டில் ஜன்னல் திறக்க முடியாது. சாம்பார் தாளித்தால் மூன்று நாளைக்கு மெத்தையில்கூட அந்த வாசம் இருக்கும். அதை மறைக்க ஒரு மெழுகுவர்த்தி. அதில் லவங்கப்பட்டை வாசனை. கம்பளிக் காலுறை, சாக்லெட் பால், அதன் மேலே மிதக்கும் வெள்ளை மிட்டாய், சோபாவில் நாலு தலையணை, சுவரில் மினுக்கு விளக்குச் சரம். இதற்கெல்லாம் சேர்த்து அவர்கள் வைத்திருக்கும் சொல் 'கோஸி'. தம்பி மனைவி ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்வாள். "அக்கா, இப்பிடி ஒக்காருங்க, கோஸியா இருக்கும்." தம்பியும் சொன்னான். அவனும் நானும் மார்கழிக் குளிரில் மில்லிலிருந்து அப்பா கொண்டுவந்த சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்தவர்கள். தவிடு முகத்தில் கொட்டும். அதற்கு நாங்கள் பெயர் எதுவும் வைக்கவில்லை.

போன முதல் வாரமே தூளிப் பிரச்சினை வந்தது. உத்தரம் எங்கே என்று கேட்டேன். தம்பி சிரித்துக்கொண்டே சுவரைத் தட்டிக் காட்டினான். உள்ளே ஒன்றும் இல்லாத சத்தம் வந்தது. அவ்வளவு பெரிய நாட்டில் வீட்டை அட்டையில் கட்டுகிறார்கள். கூரையில் கொக்கி மாட்டினால் வீட்டை வாடகைக்கு விட்டவர் சண்டைக்கு வருவாராம். ஸ்டாண்டு வைத்துக் கட்டலாமே என்றேன். குழந்தையைத் துணியில் தொங்கவிடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாகத் தம்பி சொன்னான். சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை. அவனைத் தொங்கவிட்ட துணி எது, கட்டிய மரம் எது என்று எனக்குத் தெரியும்.

அந்தத் தெருவில் வயதான ஒரு பெண்மணி இருந்தார். அவர்தான் என்னையும் தம்பி மனைவியையும் நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே வாரம் ஒரு முறை பெண்கள் கூடி 'க்வில்ட்' தைப்பார்கள். துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்து, நடுவில் பஞ்சு வைத்து, கீழே ஒரு துணி கொடுத்து மூன்றையும் சேர்த்துத் தையல் ஓட்டும் போர்வை. ஒட்டுத்துணிதான். நான் எதிர்பார்த்தது பழைய துணி. அவர்களோ முழுத் துணியைக் கடையில் புதிதாக வாங்கிவந்து, அளவெடுத்துச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, மறுபடியும் சேர்த்துத் தைத்தார்கள். தைத்து முடித்ததைத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள்.

ஆறாம் வகுப்பு படிக்கும்போது என் நீலப் பாவாடையில் அம்மா வேறு ஒரு நீலத் துணியால் ஒட்டுப் போட்டிருந்தார். பக்கத்து நீலம்தான், ஆனால் வெயிலில் தனியாகத் தெரியும். வகுப்பில் என் பெயரே 'ஒட்டு' என்று ஆகிவிட்டது. நான் தையல் கற்றுக்கொண்டதே ஒட்டுத் தெரியாமல் ஒட்டுப் போடுவது எப்படி என்று தெரிந்துகொள்ளத்தான். இங்கே வசதியான பெண்கள், வெளியே மெல்லிசாகப் பனி பெய்ய, உள்ளே காபி குடித்துக்கொண்டு, கிழியாத துணிக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உங்கள் ஊரிலும் இந்தக் கலை இருக்கிறதா?" என்று ஒருவர் கேட்டதைத் தம்பி மனைவி எனக்கு மொழிபெயர்த்தாள்.

"இருந்துச்சுன்னு சொல்லு. விட்டு ஒழிச்சிட்டோம்னு சொல்லு" என்றேன்.

அவள் என்ன சொன்னாளோ, எல்லோரும் என்னைப் பார்த்து அன்பாகத் தலையாட்டினார்கள்.

கையில் ஒரு துண்டைக் கொடுத்துத் தைக்கச் சொன்னார்கள். தைத்தேன். அந்த வயதான பெண்மணி கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, என் தையல் அகலமாக இருக்கிறது என்று மெதுவாகச் சொல்லி, ஊசியாலேயே அதைப் பிரித்தார். எத்தனையோ பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தவள் நான். அவர் சொன்னது சரிதான். அதனாலேயே அவரை எனக்குப் பிடிக்கவில்லை.

தம்பி மனைவிக்கு இது பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டிலிருந்து மெஷின் இரவல் வாங்கினாள். பிரசவம் நெருங்கிய ஒரு மதியம், தம்பி வேலைக்குப் போயிருந்தான். வெளியே வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை. நான் அடுப்படியிலிருந்து வந்தபோது அவள் கூடத்துத் தரையில் உட்கார்ந்து, அம்மாவின் முகூர்த்தப் புடவையை விரித்து வைத்திருந்தாள். அரக்குச் சிவப்பு, மாங்காய்க் கரை. கையில் கத்தரிக்கோல்.

"இன்னா பண்ற?"

"க்வில்ட் தெக்கப் போறேன்கா. தூளியும் கட்ட முடியாது. நான் கட்டிக்கினு எங்க போகப் போறேன்? பெட்டியிலயே கெடந்து மடிப்புல இத்துப் போகும்."

"வெட்டாத."

"ஏன்கா? ஒங்களுக்குத்தான் பட்டுன்னாலே ஆகாதே!"

அது உண்மை. என் முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் பட்டு எடுக்கலாம் என்று ஒரு கடைக்குப் போனோம். நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே அங்கே இருந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு, "நூல் புடவை அந்தப் பக்கம்மா" என்று கையைக் காட்டினார். அம்மா அந்தப் பக்கமே போய் ஒரு நூல் புடவை எடுத்துக்கொண்டு, இதுதான் உடம்புக்கு நல்லது என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நான் எந்தப் பட்டுக் கடைக்குள்ளும் போனதில்லை. அப்படிப்பட்ட எனக்கு, கத்தரிக்கோல் அந்தப் புடவைக்குள் இறங்கிய சத்தத்தைக் கேட்க முடியவில்லை. அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரமே இல்லாத தொட்டியில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். அம்மாவை நினைத்து அல்ல. பட்டு வழுக்கிக்கொண்டு போனது. ஓரம் நூல் நூலாகப் பிரிந்தது. மெஷினில் ஒரு வரிகூட நேராக வரவில்லை.

"தள்ளு" என்றேன்.

பட்டோடு பட்டைச் சேர்த்தால் நிற்காது. பக்கத்தில் பிடித்துக்கொள்ள நூல் துணி வேண்டும். குழந்தைத் துணிக்காக என் பழைய புடவைகளைக் கொண்டு போயிருந்தேன். பள்ளிக்குக் கட்டிக்கொண்டு போய்ப் போய், துவைத்துத் துவைத்து, மெத்தென்று ஆனவை. அதில் இரண்டை எடுத்துக் கிழித்தேன். பட்டு ஒரு கட்டம், நூல் ஒரு கட்டம் என்று வைத்தேன்.

"உங்க அம்மா பாத்தா இன்னா சொல்லுவாங்க?"

"பாக்கறதுக்கு மொதல்ல வரட்டும்கா" என்றாள். சொல்லிவிட்டு நாலு தலையணைக்கு நடுவே சாய்ந்துகொண்டு, நான் தைப்பதைப் பார்த்தபடியே தூங்கிப்போனாள். அவள் ஆரம்பித்த வேலையை நான் முடிப்பது என்ற ஏற்பாடு எப்போது ஆனது என்று எனக்குத் தெரியவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. பனிப்புயல் எச்சரிக்கை இருந்த நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனோம், புயல் வரவில்லை. காஞ்சிபுரத்திலிருந்து அவள் அம்மாவின் போன் வந்தது. பின்னால் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வீட்டுக்காரருக்குக் கேட்கக் கூடாது என்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பேசுகிறார்.

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்கம்மா."

"கொழந்தை செவப்பா, கறுப்பா?"

"கொழந்தை நெறத்துல இருக்குது" என்றேன்.

குழாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு போன் கட் ஆகிவிட்டது.

போர்வையைக் குழந்தை மேல் போர்த்தக் கூடாது என்று அங்கே அதற்கும் ஒரு சட்டம் சொன்னார்கள். கீழே விரிக்கலாமாம். ஆக, அவ்வளவு பாடுபட்டுத் தைத்த போர்வை கடைசியில் தரை விரிப்பு ஆனது. தம்பி மனைவி அதன் மேல் குழந்தையைப் படுக்க வைத்து, ஜன்னலுக்கு வெளியே பனி தெரியும்படி போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினாள். அம்மாவுக்கு மட்டும் போர்வை தெரியாமல் முகத்தை மட்டும் எடுத்து அனுப்பினாள். வரட்டும் என்று வீரமாகச் சொன்னவள்தான்.

லீவு முடிந்து நான் ஊர் திரும்பினேன். அடுத்த ஆடி மாதத்தில் அவர்கள் மூன்று பேரும் காஞ்சிபுரத்துக்கு வந்தார்கள். வேறு எங்கே தங்குவார்கள், என் வீட்டில்தான். வந்த மறுநாளே குழந்தைக்கு வேர்க்குரு. தம்பி, "எப்பிடிக்கா இங்க இருக்கிற?" என்று கேட்டான். அவனும் இருபத்தைந்து வருடம் இங்கே இருந்தவன்தான் என்று ஞாபகப்படுத்தினேன். சிமெண்ட் தரையில் அந்தப் போர்வையை நான்காக மடித்து விரித்துக் குழந்தையைப் போடுவோம். பனிக்குத் தைத்தது, மின்விசிறிக்குக் கீழே கிடந்தது.

ஒரு நாள் முற்பகலில் வாசலில் ஆட்டோ நின்றது. அந்த அம்மா. வீட்டுக்காரர் கடைக்குச் சரக்கு எடுக்க வெளியூர் போயிருக்கிறார் போலும். இந்த முறை முக்காடு இல்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் கூடை, அதில் பழம், குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு, ஒரு தண்ணீர் பாட்டில். அந்தப் பாட்டிலை நான் பார்த்ததை அவர் பார்த்தார். கூடைக்குள் தள்ளி வைத்தார்.

தம்பி வெளியே போயிருந்தான். அவர் மகள் குளித்துக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. தரையில் படுத்துக் காலை உதைத்துக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்ததும் அப்படியே குனிந்துவிட்டார். கண் நிறைந்துவிட்டது. நிறம் பற்றிய கேள்வி ஞாபகம் வந்திருக்குமோ என்னவோ, "எங்க அம்மா மூஞ்சி" என்றார். குழந்தையைத் தூக்கப் போனவரின் கை அந்தரத்தில் நின்றது. போர்வையின் மூலையைப் பிடித்துத் திருப்பினார். அரக்குச் சிவப்பு. மாங்காய்க் கரை.

"இது என் முகூர்த்தப் புடவை."

"ஆமாங்கம்மா."

"வெட்டிட்டியா? எங்க அப்பா தறியில ஒக்காந்து எனக்குன்னு நெஞ்சது. அத வெட்டிட்டியா?"

நான் வெட்டவில்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. கையில் கொடுக்காமல் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனவருக்கு நான் எதற்கு விளக்கம் சொல்லவேண்டும்?

அவர் பட்டுக்குப் பக்கத்துக் கட்டத்தைத் தொட்டார். "இது இன்னா துணி?"

"நூல் புடவை. என்னுது. பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கினு போனது."

கையை எடுத்துவிட்டார். சூடு பட்டது போல என்று சொன்னால் கொஞ்சம் அதிகம். ஆனால் எடுத்துவிட்டார். எனக்கு அது போதும்.

"பிரிச்சிக் குடு" என்றார். "என் புடவைய மட்டும் பிரிச்சிக் குடுத்துடு."

தையல் பெட்டியிலிருந்து பிரிக்கிற ஊசிக்கத்தியை எடுத்து நாற்காலி மேல் வைத்தேன். கையில் கொடுக்கவில்லை. "நீங்களே பிரிச்சிக்கோங்கம்மா. நான் தெச்சத நான் பிரிக்க மாட்டேன்."

அவர் உட்கார்ந்துவிட்டார், தரையில், போர்வையின் ஓரத்தில். குழந்தையை ஒரு கையால் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, மறு கையால் ஒரு கட்டத்தின் தையலைப் பிரிக்க ஆரம்பித்தார். வரவில்லை. அந்த அமெரிக்கக் கிழவி அகலம் என்று சொன்ன பிறகு நான் தைத்த தையல் அது. அவர் இழுக்க இழுக்கக் குழந்தை அதே மூலையைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பியது. பட்டு, நூல் எல்லாம் எச்சில். ஒரு பெரிய மனுஷி, ஒரு ஊசிக்கத்தி, ஒரு பல் முளைக்கிற குழந்தை மூன்றும் ஒரு துணிக்குச் சண்டை போடுவதை நான் நின்று பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஈரத் தலையோடு அவர் மகள் வந்தாள். ஒரு நொடியில் புரிந்துவிட்டது அவளுக்கு.

"அவங்கள இன்னாத்துக்குக் கேக்கற? நான்தாம்மா வெட்டினேன்."

"நீயா?"

"நான்தான்."

"தூளி கட்டத்தானேடி குடுத்து அனுப்பினேன்?"

"கட்டறதுக்கு நீ வந்தியா? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தே. அவ்ளோதான். அந்த வீட்டுல உத்தரமே இல்லமா. தனியா ஒக்காந்துக்கினு அந்தப் புடவையப் பாத்துப் பாத்து அழுதுக்கினு இருக்கணுமா நான்?"

"ஒங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா..."

"அப்பாவுக்கு என்னையே தெரியாதாமே! புடவை மட்டும் தெரியுமா?"

அந்த அம்மா அழுதார். எனக்கு அந்த அழுகை மேலும் எரிச்சலைத்தான் தந்தது. இரண்டு வருடமாக மகளைப் பார்க்காமல் இருக்க முடிந்தது, வெட்டுப்பட்ட புடவையைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது என்று நினைத்தேன். அதை வாய்விட்டுச் சொல்லாததற்கு ஒரே காரணம், மகளும் அதற்குள் தரையில் உட்கார்ந்து அவர் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். மூன்றாவதாகக் குழந்தையும் சேர்ந்துகொண்டது. நான் போய் டீ போட்டேன்.

டீயை அவர் குடிக்கவில்லை. கூடையிலிருந்து தன் பாட்டிலை எடுத்து ஒரு மிடறு குடித்தார். மகள் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது, பிரித்து எடுத்த ஒரே ஒரு பட்டுக் கட்டத்தைக் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டு போனார். அது எதற்கும் ஆகாது. பொம்மைக்குக்கூடப் பாவாடை தைக்க முடியாது.

போர்வையில் ஓட்டை. அப்படியே இருக்கட்டும் என்றாள் தம்பி மனைவி. அம்மா பார்க்கட்டும் என்றாள். பஞ்சு வெளியே வரும், குழந்தை வாயில் போகும் என்றேன். கையில் கிடைத்தது தம்பியின் பழைய கட்டம் போட்ட லுங்கி. அதில் ஒரு துண்டு வெட்டி ஓட்டையை அடைத்தேன்.

நான்கு நாள் கழித்து மறுபடி ஆட்டோ வந்தது. இந்த முறை தம்பி வீட்டில் இருந்தான். "வாங்க அத்தை" என்று எழுந்து நின்றான். அவர் அவன் முகத்தைப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நேராகப் போர்வைக்குப் போனார்.

"இது இன்னா புதுசா இருக்குது?"

"ஒங்க மருமகனோட லுங்கி" என்றேன்.

தம்பி அடுப்படிப் பக்கம் ஓடியே போய்விட்டான். அந்த அம்மா என்னைப் பார்த்தார், லுங்கிக் கட்டத்தைப் பார்த்தார், வாயை முந்தானையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பாட்டில் இருந்தது, ஆனால் திறக்கவில்லை. என் டீயையும் குடிக்கவில்லை. நாக்கு வறண்டுபோய்த்தான் வீட்டுக்குப் போயிருப்பார். அதற்கு அடுத்த முறை வந்தபோது அரை டம்ளர் டீ குடித்தார். சர்க்கரை அதிகம் என்றார்.

வீட்டுக்காரருக்குத் தெரியாமல்தான் இவ்வளவும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். ஆட்டோக்காரருக்குத் தெரியும். ஆட்டோ ஸ்டாண்டு முழுக்கத் தெரியும். கடைத்தெருவுக்குத் தெரியும். வாரத்துக்கு ஒரு தடவை தனக்கு வெளியூர் வேலை இருப்பதாக அந்த மனிதரே சொல்லிவிட்டு, கடைக்குள் பின்பக்கமாக உட்கார்ந்திருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். தெரியாத மாதிரி இருப்பதற்கு ஒரு மனிதன் எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது! அதில் பாதி பாடுபட்டிருந்தால் மகளைப் பார்த்துவிட்டே வந்திருக்கலாம்.

அவர்கள் திரும்பிப் போனார்கள், போர்வையோடு. அதற்கு அடுத்த குளிர்காலத்தில் அந்த அம்மா அமெரிக்கா போனார். "பொண்ணு கம்பெனியில டிக்கெட் அனுப்பிச்சிருக்காங்க" என்று தெருவில் சொன்னாராம். கம்பெனியாம்! என் தம்பி அனுப்பிய டிக்கெட். வீட்டுக்காரர் விமான நிலையம் வரை கொண்டுபோய் விட்டார். எங்கே போகிறார் என்று கேட்டதாகத் தெரியவில்லை.

போன மாதம் வீடியோவில் கூப்பிட்டார். தலையில் கம்பளிக் குல்லா, காலில் கம்பளி உறை, கையில் சாக்லெட் பால். பின்னால் ஜன்னலில் அந்தச் சனியன் பிடித்த பனி. என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று இத்தனை நாளாக முழித்துக்கொண்டிருந்தவர், யார் சொல்லிக் கொடுத்தார்களோ, 'டீச்சர்' என்று ஆரம்பித்திருந்தார்.

"டீச்சர், இங்க எவ்ளோ கோஸியா இருக்குது தெரியுமா? நீங்க சொல்லவே இல்லியே!"

அவர் நூலகத்துக் கூட்டத்துக்கும் போகிறாராம். இரண்டு பட்டுப் புடவைகளைத் தன் கையாலேயே வெட்டிவிட்டாராம். இதைச் சொல்லும்போது அவருக்கு வெட்கம், துக்கம், எதுவும் இல்லை. துண்டுகளைத் தூக்கிக் காட்டினார். ஓரத்தை எப்படி மடிப்பது என்று கேட்டார். சொன்னேன். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். அந்த வயதான பெண்மணி இவர் தையலையும் பிரித்துவிட்டாராம். அதைக் கேட்டபோது மட்டும் எனக்கு மனசு குளிர்ந்தது.

"டீச்சர், இன்னொரு விஷயம். பட்டு மட்டும் வெச்சா வழுக்கிக்கினு போகுது. ஒங்க பழைய நூல் புடவை ரெண்டு இருந்தா கூரியர்ல போட்டு விடுங்களேன். பழசா இருந்தா தேவலாம். அதான் மெத்துனு நிக்குது."

"புதுசுதான் இருக்குது" என்றேன்.

"புதுசு சரிப்படாது டீச்சர்."

"அப்பிடின்னா கடையில நூல் புடவை வாங்கிக் கட்டுங்க. கட்டிக்கினு தெனமும் வேலை செய்ங்க, தொவைங்க. ஒரு அஞ்சாறு வருஷம் போனா மெத்துனு ஆயிடும்."

அவர் நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் போனை வைத்துவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பினேன். அலமாரியில் பழைய புடவைகள் ஏழெட்டு இருந்தன. அதில் ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டேன்.